புளியங்கொட்டையில் போக்கர் பழகலாம்

போக்கர் சீட்டாட்டம் கற்றுக்கொடுங்கள் என்று கேட்பவர்களிடம் முதலில் பணத்தைப் பைக்குள் வைக்கச் சொல்வேன். எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை நான்கு பேர் உட்காருகிறோம். ஆளுக்கு நூறு புளியங்கொட்டை. இணையத்தில் பணம் கட்டி ஆடுவதை 2025ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் காசு வைத்துப் பழக்க மாட்டேன். காசு போய்விடுமோ என்ற பயம் வந்தால் கணக்கு மறந்துபோகும். இந்த ஆட்டமே கணக்குதான்.

நாங்கள் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டெம். ஜோக்கரை எடுத்துவிட்டால் சீட்டுக்கட்டில் 52 சீட்டு. சீட்டுப் போடுபவருக்கு இடப்பக்கம் இருப்பவர் ஒரு கொட்டையும் அடுத்தவர் இரண்டும் கட்டாயமாக வைக்க வேண்டும். இதற்கு பிளைண்ட் என்று பெயர். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். பிறகு எல்லோருக்கும் பொதுவாக நடுவில் மூன்று (ஃபிளாப்), அடுத்து ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்). இந்த ஏழில் சிறந்த ஐந்து யாருக்கு அமைகிறதோ, எல்லோரும் வைத்த கொட்டைக் குவியல் அவருக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு: மற்றவர் வைத்த அளவே வைத்து ஈடுகட்டலாம், ஏற்றலாம், சீட்டைக் கவிழ்த்து விலகலாம். யாரும் எதுவும் வைக்காதபோது சும்மா கடந்தும் போகலாம்.

கைகளின் வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டாம். அரிதானது பெரியது, அவ்வளவுதான். சிறியதிலிருந்து பெரியதாக: ஒற்றை உயர்ந்த சீட்டு, ஒரு ஜோடி, இரு ஜோடி, மூன்று ஒரே எண், ஸ்ட்ரெயிட் (அடுத்தடுத்த ஐந்து எண்), ஃபிளஷ் (ஐந்தும் ஒரே இனம்), ஃபுல் ஹவுஸ் (மூன்று ஒரே எண்ணும் ஒரு ஜோடியும்), நான்கு ஒரே எண், ஸ்ட்ரெயிட் ஃபிளஷ் (ஒரே இனத்தில் வரிசை). ரம்மி ஆடியவர்கள் ஓரிடத்தில் தடுமாறுவார்கள்: அங்கே ஒரே இனத்தில் வரிசை வேண்டும், இங்கே ஸ்ட்ரெயிட்டுக்கு இஸ்பேடும் டைமனும் கலந்திருக்கலாம். ஐந்தும் ஒரே இனமாக இருந்தால், வரிசை இல்லாவிட்டாலும் ஃபிளஷ். ஐந்து சீட்டில் ஃபிளஷ் 5,108 விதமாகவும் ஃபுல் ஹவுஸ் 3,744 விதமாகவும் அமையும்; அதனால்தான் ஃபுல் ஹவுஸ் மேலே நிற்கிறது.

இனி என் அக்காள் மகன் ஆடிய ஒரு கை. அவன் கையில் இரண்டு ஆட்டின், நடுவில் நான்கு சீட்டில் இரண்டு ஆட்டின். இன்னொன்று விழுந்தால் ஃபிளஷ். குவியலில் 40 கொட்டை. எதிரில் இருந்தவர் தன் கடைசி 20 கொட்டையையும் வைத்துவிட்டார். “மாமா, வரும் என்று தோன்றுகிறது” என்றான். தோன்றுவதை விட்டு எண்ணச் சொன்னேன். அவன் பார்க்காத சீட்டு 46. மிச்சமுள்ள ஆட்டின் 9. இதே கையை 46 முறை ஆடினால் 37 முறை இருபது இருபதாகத் தோற்பான்: 740 கொட்டை. 9 முறை 60 வெல்வான்: 540. விலகுவதுதான் சரி.

அவர் வைத்தது 10 மட்டுமாக இருந்தால்? தோல்வி 370, வெற்றி ஒன்பது ஐம்பது, 450. தாராளமாக ஈடுகட்டலாம். சீட்டு மாறவில்லை, கேட்கப்பட்ட விலைதான் மாறியது. இந்த ஒரு கணக்கு கைவந்துவிட்டால் ஆட்டத்தின் பாதி வந்துவிட்டது என்பேன்.

அடுத்தது இருக்கை. ஃபிளாப்புக்குப் பிறகு சீட்டுப் போட்டவர்தான் கடைசியாக முடிவு சொல்வார். மற்ற மூவரும் செய்ததைப் பார்த்த பிறகு பேசும் வசதி அவருக்கு மட்டுமே. அந்த முறை உங்களுக்கு வரும்போது ஒன்பதும் பத்தும் கூட ஆடத் தகுந்த கை. முதலில் பேச வேண்டிய இடத்தில் அதே கையைக் கவிழ்த்துவிடுங்கள்; ஏஸ், ராஜா அல்லது நல்ல ஜோடிக்குக் காத்திருங்கள். கையில் ஜோடி வருவதே சராசரியாகப் பதினேழில் ஒரு முறைதான் என்பதால், காத்திருப்பது நிறைய இருக்கும்.

பொய்ப் பந்தயம், அதாவது பிளஃப், முதல் மாதத்தில் வேண்டாம். எதை வைத்தாலும் ஈடுகட்டும் பழக்கமுள்ளவரிடம் அது செல்லவே செல்லாது. புதியவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் ஆடுவார்கள்.

முதல் மாலை பத்துக் கைகளைத் திறந்து வைத்தே ஆடுங்கள். டர்ன் விழுந்ததும் நிறுத்தி, எத்தனை சீட்டு உங்களைக் காப்பாற்றும் என்று சத்தமாக எண்ணுங்கள். பதினோராவது கையிலிருந்து சீட்டைக் கவிழ்த்து, மனதுக்குள் எண்ணுங்கள்.