போனைப் பிடுங்குவதுதான் முதல் தவறு

பத்தாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளின் படத்தை வைத்து யாரோ போலிக் கணக்கு தொடங்கி, அசிங்க அசிங்கமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரம் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வயிற்றுவலி என்பாள், நாங்களும் டாக்டரிடம் கூட்டிப்போய் மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். விஷயம் வெளியே வந்த அன்று அக்கா, "ஏன்டி எங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டாள். "சொன்னா போனைப் பிடுங்கிடுவீங்கல்ல" என்றாள்.

பிள்ளையின் மொத்த நட்பு வட்டமும் அந்தப் போனுக்குள் இருக்கிறது. அதை இழப்பதைவிட அவமானத்தைத் தனியாகத் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்க வைத்தது நாங்கள்தான், ஏனென்றால் மார்க் குறைந்தாலும், எதிர்த்துப் பேசினாலும், எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே தண்டனை அதுதான். எதுவும் நடப்பதற்கு முன்பே, "என்ன தப்பு நடந்திருந்தாலும் வந்து சொல்லு, போனை வாங்க மாட்டேன்" என்று வாக்குக் கொடுங்கள். கொடுத்தால் மீறாதீர்கள், ஒரு தடவை மீறினாலும் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார்கள்.

இன்னொன்று, பதற்றத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவது. நாங்கள் அதையும் செய்தோம். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அந்தக் கணக்கின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யலாம். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் கொடுக்கலாம், குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

சரி, நேரக் கணக்குக்கு வருவோம். ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் வளரிளம் பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகளுக்கான ஆபத்து இரண்டு மடங்கு என்று அமெரிக்காவின் அப்போதைய தலைமை மருத்துவ அதிகாரி விவேக் மூர்த்தி 2023இல் எச்சரித்தார். அதே அறிக்கையில், நட்பும் ஆதரவும் அங்கே கிடைக்கிறது என்றும் இருக்கிறது. அதனால் கடிகாரத்தை மட்டும் பார்ப்பது தவறு. நண்பர்களோடு அரட்டை அடிக்கும் பிள்ளையும், யாரோ ஒருத்தியின் ஒல்லியான இடுப்பைப் பார்த்துப் பார்த்துத் தன் உடம்பை வெறுக்கும் பிள்ளையும் ஒன்றா? 2021இல் கசிந்த ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்விலேயே, தங்கள் உடம்பைப் பற்றி ஏற்கெனவே வருத்தத்தில் இருந்த பதின்வயதுப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வீடியோவில் கொஞ்சம் நின்று பார்த்தால் போதும், அதே மாதிரி பத்து வந்து விழும், பிள்ளை தேடவே வேண்டியதில்லை. எவ்வளவு நேரம் பார்த்தாய் என்பதைவிட, பார்த்து முடித்ததும் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

ராத்திரிக்கு மட்டும் கண்டிப்பு வேண்டும், தூக்கம் கெட்டால் மனசும் கெடும். சார்ஜரை ஹாலில் வையுங்கள், எல்லார் போனும் அங்கேதான் தூங்க வேண்டும், அப்பா போனும் சேர்த்து.

பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாளில் பிள்ளையின் மார்க்கை வாட்ஸப் ஸ்டேட்டஸில் போடும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: ஒப்பிட்டுப் பார்த்து நோகும் பழக்கத்தை வீட்டிலேயே தொடங்கி வைக்கிறோம். பிள்ளையைக் கேட்காமல் போடாதீர்கள்.

எல்லாப் பழியையும் போன் மீது போட்டுவிட்டு மருத்துவரைத் தள்ளிப்போடுவதும் நடக்கிறது. பிடித்த விளையாட்டில்கூட ஆசை போய், தூக்கமும் சாப்பாடும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகணும் என்று பேச்சு வந்தால் அன்றைக்கே. மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். பிள்ளை பேச மறுத்தால் நீங்கள் கூப்பிட்டு என்ன செய்வதென்று கேளுங்கள்.