மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி ஜீப் ஓட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு

மாதம் ஒருமுறை மண் ரோட்டிலோ மழை ஈரத்திலோ, கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி லீவரை 4எச்-இல் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டு நாலைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். ஊருக்குள் எந்நேரமும் 2எச்-இலேயே (பின் சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) ஓடினால் லீவர் இறுகிவிடும். கொஞ்சம் ஓட்டினால் இழுவிசையை முன் சக்கரங்களுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பல்சக்கரங்களில் எண்ணெய் நன்றாகப் பரவும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் சீலும் காயாது. சேற்றில் மாட்டிய நேரத்தில் லீவர் விழவில்லை என்றால், இவ்வளவு விலை கொடுத்து வாங்கி என்ன பயன்?

காய்ந்த தார் ரோட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம். முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் நடு டிஃபரன்ஷியல் இந்த வண்டிகளில் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்கள் அதிக தூரம் சுற்றுவதால் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும், ஸ்டியரிங்கும் கனக்கும். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் தாருக்கும், எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கும் இந்தக் குறிப்பு பொருந்தாது.