"மெனுவில் இல்லை சார்" என்று சொல்லாத பிள்ளைகள் வேண்டுமென்றால்

மயிலாப்பூரில் ஒரு கஃபேயில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆளைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து, சொந்தமாக யோசித்துப் பரிமாறும் பிள்ளைகளை எப்படி உருவாக்குவது என்று கேட்பவர்களுக்காக இது.

முதலில், எதில் கை வைக்கக் கூடாது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பாதாம் பால் ஊற்றிய ஜக்கைக் கழுவாமல் வேறு பாலுக்கு எடுக்கக் கூடாது; பாதாம் ஒவ்வாத சிலருக்கு அது உயிர்ப் பிரச்சினை. பில்லில் தவறு வரக் கூடாது. பாலின் சூடு 70 டிகிரியைத் தாண்டக் கூடாது, தீய்ந்த வாடை வந்துவிடும். அவ்வளவுதான். கப், நுரை, அளவு, உட்கார வைக்கும் இடம் எல்லாம் அவர்கள் முடிவு.

எங்கள் கடைக்குக் காலை ஏழு மணிக்கு ஒரு பெரியவர் வருவார். கப்புச்சினோவை ஒரு வாய் குடித்துவிட்டு "ஆறிப்போச்சேப்பா" என்பார், தினமும். டவரா டம்ளரில் கொதிக்கக் கொதிக்கக் குடித்துப் பழகிய நாக்கு. அசாமிலிருந்து வந்து நாலு மாதமே ஆன ஒரு தம்பி மூன்று நாள் அவரையே கவனித்தான். நான்காம் நாள் சின்ன கப்பை வெந்நீரில் முக்கி எடுத்து, துடைத்து, பாலை 68-இல் நிறுத்தி, நுரையைக் குறைத்து ஊற்றிக் கொடுத்தான். பெரியவர் ஊதி ஊதிக் குடித்தார். பாலின் வரம்பை அவன் மீறவில்லை, ஆறுவதைத்தான் தடுத்தான். இன்று யார் "சூடா" என்று கேட்டாலும் கப் முதலில் வெந்நீருக்குப் போகிறது.

அப்புறம், இப்படி ஒன்றைப் பார்த்தால் அன்றே விசாரியுங்கள். அதட்டலாக வேண்டாம், தெரிந்துகொள்ளும் ஆசையோடு. முன்பு ஒரு பெண்ணை வாடிக்கையாளர் முன்னாலேயே "யாரைக் கேட்டுச் செய்தாய்?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு மாதம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஷிப்ட் முடியும் முன் பத்து நிமிடம் உட்கார வைத்துப் பேசுங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தினார்கள். கால் கடுக்க நிற்கிறவர்களுக்கு யோசனை எங்கிருந்து வரும்?

வரும் யோசனையை ஒரு வாரம், ஒரே ஷிப்டில் மட்டும் செய்து பாருங்கள். சரிவந்தால் சொன்னவர் பெயரோடு உள்ளே பலகையில் எழுதுங்கள். மார்கழியில் சபாவுக்கு ஓடுகிறவர்களிடம் ஆர்டர் எடுக்கும்போதே "கச்சேரி எத்தனை மணிக்கு மாமி?" என்று கேட்கலாம் என்றது, நான் அன்று அதட்டிய அதே பெண்தான். நேரம் இல்லையென்றால் மூடி போட்ட கப்பில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுகிறோம்.