கல்லூரி ஜெபக்குழுவில் சேரப் போகிறீர்களா?

மிஷன் கல்லூரி என்றால் கவலையில்லை. கல்லூரியின் போதகரான சாப்ளினைக் கேட்டால் நாள், நேரம், இடம் எல்லாம் சொல்லிவிடுவார். மற்றக் கல்லூரிகளில் ஜெபக்கூட்டம் எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை. பெரும்பாலும் மதிய இடைவேளையில் ஒரு காலி வகுப்பறையில் நடக்கும். இல்லையென்றால் விடுதியில் யாருடைய அறையிலாவது நடக்கும். நீங்கள் போகும் சபையின் வாலிபர் கூட்டத்தில் அதே கல்லூரியில் படித்த அண்ணனோ அக்காவோ இருந்தால் அவர்களிடம் கேளுங்கள். 1947-ல் தொடங்கிய ஐ.எஃப்.இ.எஸ். என்ற உலக மாணவர் ஐக்கியத்தில் பல நாட்டு இயக்கங்கள் இணைந்திருக்கின்றன: இந்தியாவில் யூ.இ.எஸ்.ஐ., இலங்கையில் ஃபோகஸ், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் எஃப்.இ.எஸ். அவர்களுக்கு எழுதினால் உங்கள் கல்லூரியில் குழு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

முதல் நாள் பின் வரிசையில் உட்காருங்கள், தப்பில்லை. பெயர், துறை, ஆண்டு, இவ்வளவு சொன்னால் போதும். எப்போது இரட்சிக்கப்பட்டீர்கள் என்று யாராவது ஆர்வமாகக் கேட்டால், "அப்புறம் சொல்கிறேன் அண்ணா" என்று சிரித்துவிட்டு விடலாம். பாட்டு, வேத வாசிப்பு, சின்னதாக ஒரு தியானம், பிறகு விண்ணப்பங்கள் (எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அவரவர் சொல்வது), கடைசியில் ஜெபம். அநேகமாக எல்லாக் குழுக்களும் இப்படித்தான் நடக்கும்.

ஜெபிக்கும் முறையில்தான் வித்தியாசம். சில குழுக்களில் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமாக ஜெபிப்பார்கள். சிலவற்றில் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராக. புதியவர்களுக்கு இந்த வட்டம்தான் பயம்; தன் முறை நெருங்க நெருங்கப் பக்கத்தில் இருப்பவர் ஜெபிப்பது காதிலேயே விழாது. நடத்துகிறவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: "இன்றைக்கு நான் அமைதியாக இருக்கிறேன்." ஒழுங்கான குழுவில் அதற்கு மேல் ஒரு கேள்வி வராது. வாய்விட்டு ஜெபிக்கத் தோன்றும் நாளில் ஒரே வாக்கியம் போதும். அதுவும் வரவில்லையென்றால் 121-ஆம் சங்கீதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதையே உங்கள் ஜெபமாக வாசியுங்கள். சீனியர் அண்ணன் குரலை ஏற்றி இறக்கி ஜெபிப்பதைப் பார்த்து அதே ராகத்தில் ஜெபிக்க மட்டும் முயலாதீர்கள். பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

நான் படித்த நாட்களில் ஒரு குழுவை நடத்தியவள் என்ற முறையில், இதை மட்டும் அழுத்திச் சொல்வேன்: பாட்டையும் கூட்டத்தையும் பார்த்துக் குழுவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே சொல்லப்படும் விண்ணப்பம் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒருத்தி தன் வீட்டுச் சண்டையைச் சொல்லி அழுதால், அது அந்த அறையோடு நிற்கிறதா? அல்லது "ஜெபத்துக்காகத்தான் சொல்கிறேன்" என்ற முன்னுரையோடு மறுநாள் கேன்டீனுக்கு வந்துவிடுகிறதா? வாட்ஸ்அப் குழுவில் பெயர் போட்டு விண்ணப்பங்களைப் பகிர்கிறார்களா? அடுத்த வாரம் யாராவது அவளிடம் போய், "அம்மா இப்போது எப்படி இருக்கிறார்கள்?" என்று விசாரிக்கிறார்களா? இதெல்லாம் தெரியும்வரை தேர்வு, உடல்நலம் போன்ற பொதுவான விண்ணப்பங்களையே கொடுங்கள். இன்னொருவருடைய விஷயத்தை அவரைக் கேட்காமல் நீங்களும் கொண்டுபோகாதீர்கள்.

சபைப் பிரிவு பற்றிக் கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல மாணவர் குழு தன்னைச் சபை என்று சொல்லிக்கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று கேட்கும், அங்கேயே போகச் சொல்லும். உங்கள் சபையை விட்டுவிட்டு வா, உன் ஞானஸ்நானம் செல்லாது என்று ஆரம்பித்தால் உங்கள் போதகரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். வகுப்பை வெட்டிவிட்டு வரச் சொல்வது, வீட்டில் சொல்லாமல் பணம் கேட்பது, பழைய நண்பர்களை விலக்கச் சொல்வது, யாரைக் கல்யாணம் செய்ய வேண்டும் என்று ஒருவர் தரிசனம் கண்டு சொல்வது, இவற்றில் ஒன்று நடந்தாலும் கிளம்பிவிடுங்கள். காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

பிடித்துவிட்டதா? ஒரு செமஸ்டர் தொடர்ந்து போய்ப் பாருங்கள். வாரம் ஒரு கூட்டம் போதும். அதிகாலை ஜெபம், உபவாச ஜெபம் எல்லாவற்றுக்கும் முதல் மாதமே பெயர் கொடுத்தால் இன்டர்னல் தேர்வு வரும்போது எல்லாவற்றையும் சேர்த்து விட்டுவிடுவீர்கள். பேச்சு வராதவர்கள் நாற்காலி போடலாம், பாட்டுப் புத்தகங்களை எடுத்து வைக்கலாம். அப்படித்தான் பலர் உள்ளே வந்தார்கள்.

கல்லூரியில் குழுவே இல்லையென்றால் நீங்களே தொடங்கலாம். 1806-ல் அமெரிக்காவின் வில்லியம்ஸ் கல்லூரியில் இடிமழைக்கு ஒரு வைக்கோற்போர் அருகே ஒதுங்கி ஜெபித்தவர்கள் ஐந்தே மாணவர்கள். அதிலிருந்து எழுந்த அமெரிக்க மிஷன்தான் பிறகு யாழ்ப்பாணம் வந்து, 1823-ல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கியது. உங்களுக்கு இரண்டு பேர் கிடைத்தால் போதும். அறைக்குத் துறைத்தலைவரிடம் அனுமதி வாங்கிவிடுங்கள். விடுதி அறை என்றால், உடன் தங்கியிருப்பவர் வேறு மதத்தவராகவோ தூங்குகிறவராகவோ இருக்கலாம், அவரையும் கேளுங்கள். நாளையும் நேரத்தையும் மாற்றாதீர்கள், சொன்ன நேரத்தில் முடியுங்கள். பாட ஆள் இல்லையென்றால் பாட்டை விட்டுவிட்டு நேராக ஜெபத்துக்குப் போய்விடலாம்.