ஆட்டுச் சீம்பால் டெஸ்ட் பண்றப்போ நடக்குற தப்புங்க

சீம்பால்ல நோய் எதிர்ப்புப் பொருள் எவ்ளோ இருக்குன்னு மீட்டர்ல டெஸ்ட் பண்ணி, ரிசல்ட் பாத்துட்டு அப்புறம் குடுக்கலாம்னு குட்டியக் காக்க வைக்கிறது இருக்கே, அதான் இதுல பெரிய தப்பு. ஆட்டுக்குட்டி பிறக்கும்போது அது ரத்தத்துல நோய் எதிர்ப்புப் பொருள் கிட்டத்தட்ட ஒன்னுமே இருக்காது, தாய் வயித்துல இருக்கும்போது நஞ்சுக்கொடி வழியா அது போகாது. வர்றது மொத்தமும் சீம்பால் வழியாத்தான். அதையும் குட்டியோட குடல் முதல் சில மணி நேரம் தான் நல்லா உறிஞ்சும், 12 மணி நேரம் தாண்டினா ரொம்பக் குறைஞ்சிடும், 24 மணி நேரத்துல ஏறக்குறைய கதவு மூடின மாதிரி தான். அதனால குட்டிய நக்க விட்டுட்டு, தொப்புளுக்கு அயோடின் வச்சுட்டு, சாம்பிள் பீச்சி எடுத்த கையோட குட்டிய மடியில விட்ருங்க, மீட்டர நிதானமா அப்புறம் பாத்துக்கலாம்.

இன்னும் சில ஊர்ல நஞ்சுக்கொடி விழுந்தா தான் பால் விடணும்னு பெரியவங்க சொல்லிட்டு இருக்காங்க. அது விழ சில மணி நேரம் ஆகும், அவ்ளோ நேரம் குட்டி பட்டினி கிடக்கும், நல்ல நேரம் எல்லாம் அதுலயே போயிடும். உண்மையில குட்டி பால் குடிச்சா மடி தூண்டப்பட்டு கர்ப்பப்பை சுருங்கும், கொடி சீக்கிரம் விழறதுக்கு அதுவே உதவி தான்.

அடுத்தது கண்ணால பாத்து தீர்ப்பு சொல்றது. கெட்டியா இருக்கு, மஞ்சளா இருக்கு, சூப்பர் சீம்பால்னு சொல்லிடுவாங்க. மாட்டுக்குப் பழகின கண்ணு ஆட்டுக்குச் செட் ஆகாது. தீவனத்துல இருக்குற கரோட்டினை ஆடு வைட்டமின் ஏ-வா மாத்திடுது, அதனால தான் ஆட்டுப் பால் வெள்ளையா இருக்கு, சீம்பாலும் பசு மாட்டோடது அளவுக்கு மஞ்சள் அடிக்காது. கெட்டித்தன்மைக்கு கொழுப்பும் ஒரு காரணம், ஐஜிஜி (சீம்பால்ல இருக்குற முக்கியமான நோய் எதிர்ப்புப் பொருள்) மட்டும் இல்ல. சீம்பாலை வெல்லம், ஏலக்காய் போட்டு வேக வச்சா கட்டியா உறைஞ்சு வருதேன்னு அதை வச்சும் சிலர் தரம் சொல்றாங்க, அதுல புரதம் இருக்குன்னு தெரியும், எவ்ளோ எதிர்ப்பு சக்தி இருக்குன்னு தெரியாது.

சரி கருவி வாங்கலாம்னு போனா அங்கயும் குழப்பம். பால் சொசைட்டில பாக்குற லாக்டோமீட்டரை சீம்பால்ல விட்டுப் பாக்குறாங்க, அது சாதாப் பாலுக்குன்னு செஞ்சது, நல்ல சீம்பால் அதோட அளவையே தாண்டிப் போயிடும், தூக்கிட்டு மிதக்கும், ஒன்னும் படிக்க முடியாது. சீம்பாலுக்குன்னே கொலஸ்ட்ரோமீட்டர்னு மிதக்குற கண்ணாடிக் குழாய் இருக்கு, ஆனா அது மாட்டுச் சீம்பாலுக்கு அளந்து கோடு போட்டது. அது மிதக்கணும்னா ஒரு நெட்டைக் குவளை நிறைய சீம்பால் வேணும். நம்ம கொடி இன ஆடோ கன்னி இன ஆடோ ரெண்டு குட்டி போட்டுட்டு நிக்குது, அதுகிட்ட போயி குவளை நிறையக் கறந்தா குட்டிக்கு என்ன மிஞ்சும்? இதுல நுரை இருந்தா ரீடிங் தப்பும், கறந்த சூட்டோட விட்டா உள்ளதை விட மட்டமாக் காட்டும், ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து விட்டா உள்ளதை விட ஒசத்தியாக் காட்டும். சின்னப் பண்ணைக்கு இது வேண்டாம்னு தான் சொல்வேன்.

நமக்கு ஏத்தது பிரிக்ஸ் ரிஃப்ராக்டோமீட்டர் தான் (சொட்டுல எவ்ளோ பொருள் கரைஞ்சிருக்குன்னு பிரிக்ஸ்ங்கற அளவுல காட்டும்), கரும்பு வெட்டுக்கு வந்துருச்சான்னு சாறு எடுத்துப் பாப்பாங்களே அதே கருவி, ரெண்டு மூணு சொட்டு போதும். ஆனா ஆன்லைன்ல வாங்கும்போது அளவு பாருங்க, 0-ல இருந்து 32 வரைக்கும் இருக்கறது தான் வேணும். தேனுக்குன்னு விக்கிறது 58-ல ஆரம்பிச்சு 90 வரைக்கும் போகும், பாக்க அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும், அதை வாங்கிட்டு வந்து கோடே தெரியல கருவி ரிப்பேர்னு திட்டிட்டு மூலைல போட்டவங்க உண்டு. வெங்காயத்தாமரை வேற தாமரை வேற தானே!

வாங்கினதும் நேரா சீம்பாலை ஊத்திடக் கூடாது. பேட்டரி கடைல கிடைக்கிற டிஸ்டில்ட் வாட்டர் ரெண்டு சொட்டு விட்டு மூடி, வெளிச்சத்தப் பாத்துப் பிடிச்சா கோடு சரியா 0-ல நிக்கணும், நிக்கலன்னா கூடவே வர்ற குட்டி ஸ்க்ரூட்ரைவரால திருப்பி 0-க்கு கொண்டு வரணும். ஆர்ஓ தண்ணி இருந்தாலும் பரவால்ல. ஏடிசி போட்ட மாடல், அதுவே வெப்பத்தச் சரி பண்ணிக்கும்னு நம்புறாங்க, ஆனா பெரும்பாலான மாடல்ல அது 10-ல இருந்து 30 டிகிரிக்குள்ள தான். சித்திரை மத்தியானம் தகரக் கொட்டகைக்குள்ள 38, 40 இருக்கும், அங்க வச்சு ஏடிசி பாத்துக்கும்னு விட்டா எப்படி? கருவியையும் சாம்பிளையும் வீட்டுக்குள்ள நிழல்ல கொண்டு போயிப் பாருங்க, சொட்டு விட்டதும் அரை நிமிஷம் பொறுங்க, பாலும் கண்ணாடியும் ஒரே சூட்டுக்கு வரட்டும்.

பாக்குறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. தண்ணியோ கரும்புச் சாறோ விட்டா மேல நீலம் கீழ வெள்ளைன்னு கத்தி வச்சு வெட்டின மாதிரி கோடு தெரியும். சீம்பால்ல அப்படித் தெரியாது, கொழுப்பு இருக்கறதால நீலமும் வெள்ளையும் சேர்ற இடம் மங்கலா ஒரு பட்டையா நிக்கும், சில சமயம் அந்தப் பட்டையே ஒரு பாயிண்ட் அகலம் இருக்கும். ஒருத்தர் மேல் விளிம்பு பாத்து 23-ன்னு சொல்வாரு, இன்னொருத்தர் கீழ பாத்து 22-ன்னு சொல்வாரு, ரெண்டு பேரும் பொய் சொல்லல. பட்டைக்கு நடுவுல படிக்கிறதுன்னு ஒரு பழக்கம் வச்சுக்கங்க, முடிஞ்சா பண்ணைல ஒரே ஆள் பாக்கட்டும். ரொம்ப மங்கலா இருந்தா சொட்டை ரொம்ப மெலிசாப் பரப்பி மூடியை அழுத்தி, காத்துக் குமிழி இல்லாமப் பாருங்க. முடிஞ்சதும் ஈரத்துணியால துடைக்கணும், சீம்பால் காஞ்சு கண்ணாடில படலம் பிடிச்சா அடுத்த ஆட்டோட ரீடிங் எல்லாம் சந்தேகம் தான். சுடுதண்ணி ஊத்திக் கழுவாதீங்க.

இவ்ளோ சரியாப் பண்ணியும் சாம்பிளே தப்பா இருந்தா எல்லாம் வீண். குட்டி குடிச்சு முடிச்சப்புறம் எடுக்கறது, ராத்திரி ஈன ஆட்டுக்கு மறுநாள் காலைல பால் எடுத்துப் பாத்துட்டு என் ஆட்டுச் சீம்பால் தரமே இல்லன்னு கவலைப்படறது, இதெல்லாம் அடிக்கடி நடக்கும். ஈன்ற நேரத்துல இருந்தே எதிர்ப்புப் பொருள் அளவு இறங்கிட்டே தான் வரும், ரெண்டாவது கறவைல வெகுவாக் குறைஞ்சிடும். காம்பைத் துடைச்சு முதல் ரெண்டு பீச்சலைத் தள்ளிருங்க, அதுல தான் கிருமி அதிகம், அப்புறம் ரெண்டு காம்புலயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலக்கி அதுல சொட்டு எடுங்க. மடி ரொம்ப இறுகிடுச்சுன்னு ஈனுறதுக்கு முன்னாடியே கறந்து விட்டிருந்தாலோ, காம்புல தானா ஒழுகிட்டு இருந்தாலோ நல்ல சரக்கு முன்னாடியே போயிருக்கும், ரீடிங் கம்மியா வந்தா இதையும் யோசிங்க.

இப்போ பிரிக்ஸ் நம்பர். மாட்டுக்கு 22-ன்னு ஒரு கணக்கு உலகம் பூரா சொல்றாங்க, அதை அப்படியே ஆட்டுக்கு வச்சு 21 வந்துச்சேன்னு கீழ கொட்டாதீங்க. ஆட்டுக்கு எல்லாரும் ஒத்துக்கிட்ட ஒரே நம்பர்னு கிடையாது, இனத்துக்கு இனம் கொஞ்சம் மாறும். 20-க்கு மேல இருந்தா நல்லதுன்னு எடுத்து வைக்கலாம், அதுக்குக் கீழ கொஞ்சம் இருந்தா சொந்தக் குட்டிக்கு தாராளமாக் குடுக்கலாம், ஃப்ரீசர்ல சேமிக்க வேண்டாம், அவ்ளோதான் வித்தியாசம். பிரிக்ஸ் பாக்குறது மொத்தக் கரைபொருளை, ஐஜிஜியை நேரடியா இல்ல, அதனால அரை பாயிண்ட்டுக்கு எல்லாம் சண்டை போட வேண்டியதில்ல. தரம் கம்மின்னா அளவக் கூட்டுங்க, வேற ஆட்டு நல்ல சீம்பால் கையில இருந்தா அதையும் குடுங்க. பொதுவா கிலோவுக்கு 50 மில்லி ஒரு வேளைக்கு, முதல் நாள்ல நாலு வேளை, அப்போ 2 கிலோ குட்டிக்கு வேளைக்கு 100 மில்லி. மூணு குட்டி போட்ட ஆட்டுல பிரிக்ஸ் 25 காட்டுதுன்னு நிம்மதியாத் தூங்கக் கூடாது, மூணாவது குட்டிக்கு 30 மில்லி கூடப் போகலன்னா அந்த 25-ஆல என்ன பிரயோஜனம்.

மீட்டர் காட்டாத விஷயமும் இருக்கு. அழுக்குக் கை, சாணி ஒட்டின பாத்திரம், ரெண்டு மணி நேரம் வெயில்ல வச்ச சீம்பால், இது எதையும் பிரிக்ஸ் காட்டாது, கிருமி மண்டின சீம்பாலும் 24 காட்டும். மடிநோய் இருக்கான்னும் சொல்லாது, திரியா வருதா, ரத்தம் கலந்திருக்கா, ஒரு பக்க மடி சூடாக் கல்லு மாதிரி இருக்கான்னு நீங்க தான் தொட்டுப் பாக்கணும். மடிநோய்க்குப் போடற சிஎம்டி டெஸ்ட் ஆட்டுச் சீம்பால்ல பயன்படாது, அந்த டெஸ்ட் பாக்குறது பால்ல இருக்குற உடல் செல்லை, சீம்பால்ல இயல்பாவே அது அதிகம், நல்ல மடியும் கெட்ட மடியா தெரியும். அதே மாதிரி எந்த நோய்க்கு எதிர்ப்பு இருக்குன்னும் மீட்டருக்குத் தெரியாது. துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசிய ஈனுறதுக்கு மூணு நாலு வாரம் முன்னாடி டாக்டரக் கேட்டுப் போட்டிருந்தா தான் அந்த எதிர்ப்பு சீம்பால்ல நல்லா இறங்கும். போன வாரம் சந்தைல வாங்கிட்டு வந்த நிறைசினை ஆட்டுக்கு உங்க கொட்டகைக் கிருமியே அறிமுகம் இல்ல, நம்பர் எவ்ளோ வந்தாலும் உங்க பழைய ஆட்டுச் சீம்பால் கொஞ்சம் அந்தக் குட்டிக்குச் சேர்த்துக் குடுக்கறது நல்லது.

குட்டி உண்மையிலயே போதுமான அளவு வாங்கிருச்சான்னு தெரியணும்னா, பிறந்து 24 மணி நேரம் ஆனதுல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள டாக்டர் ரத்தம் எடுத்து சீரம் புரதம் பாத்துச் சொல்வாரு. குட்டி அடிக்கடி சாகுற பண்ணைன்னா ஒரு அஞ்சாறு குட்டிக்காவது இதைப் பண்ணிப் பாருங்க, தப்பு ஆட்டுலயா, பாட்டில் குடுக்கற ஆள் கிட்டயான்னு சீக்கிரம் பிடிபடும்.

சேமிக்கிறவங்க லிட்டர் பாட்டில்ல உறைய வைக்காதீங்க, உருகவே நேரம் ஆகும், மிச்சத்த திரும்ப உறைய வைக்கவும் கூடாது. 100 மில்லி அளவுல சின்னச் சின்னப் பாக்கெட்டா போட்டு ஆட்டு நம்பர், தேதி, பிரிக்ஸ் மூணையும் அழியாத பேனால எழுதுங்க. உருக்கும்போது அடுப்புல வைக்கக் கூடாது, கை பொறுக்கிற சூட்டுத் தண்ணில பாக்கெட்டோட மிதக்க விடுங்க, 60 டிகிரி தாண்டினா எதிர்ப்புப் பொருள் கெட ஆரம்பிச்சு சீம்பாலே திரண்டு போகும், அப்புறம் அது குட்டிக்கு இல்ல, வெல்லம் போட்டு நாம சாப்பிட வேண்டியது தான்.