அரசுத் திட்டத்தால் வட்டாரத்துக்கு என்ன கிடைத்தது? கணக்குப் போடும் முறை

ஒரு வட்டாரத்தில் அரசு 100 கோடி செலவிட்டால் அங்கே வருமானம் எவ்வளவு கூடும்? எக்செல் போதும், போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் எல்லை. தினமும் வேலைக்குப் போய்வரும் தூரத்தை வைத்து எல்லை வகுப்பதே என் விருப்பம். நிர்வாக எல்லையை அப்படியே எடுத்தால், சம்பளம் வெளியே போவது கண்ணில் படாது.

அடுத்தது கசிவு. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான், நிதானமாகப் பாருங்கள். 100 கோடியில் இயந்திரங்களுக்காக 30, வெளியிலிருந்து வருகிறவர்களின் சம்பளமாக 10 வெளியேறினால், உள்ளூரில் நிற்பது 60. அதில் பாதி மறுபடி உள்ளூரிலேயே செலவாகிறது என்றால் 60, 30, 15 என்று சுற்றிச்சுற்றி மொத்தம் 120 ஆகும். நாடு முழுக்கக் கணக்கிட்டால் முக்கால் பங்கு உள்ளேயே சுழலலாம். அப்போது பெருக்கி, அதாவது உள்ளே செலவாகும் ஒரு ரூபாய் சுற்றிச்சுற்றிக் கடைசியில் எத்தனை ரூபாய் வருமானமாகிறது என்ற எண், 4. அதைக் கொண்டுவந்து முழு 100-ஐயும் பெருக்கினால் 400! வட்டாரத்துக்கு நாட்டின் பெருக்கியைப் போடவே கூடாது.

பெருக்கியைத் துறைவாரியாக எடுக்க, எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் உள்ளீடு-வெளியீடு அட்டவணை வேண்டும். பொருளாதார அறிஞர் லியான்டீஃப் உருவாக்கிய முறை இது. 1973-இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. அமெரிக்கப் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம் வட்டாரப் பெருக்கிகளை ‘ரிம்ஸ் 2’ என்ற பெயரில் தருகிறது. வட்டார அட்டவணை இல்லாத இடத்தில் வேலைவாய்ப்புப் பங்கை ஒப்பிடலாம்: ஒரு துறையில் நாட்டில் 8 சதவீதம் பேர், வட்டாரத்தில் 4 சதவீதம் பேர் என்றால், தேவையில் பாதிதான் உள்ளூரில் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வார்கள். ஆனால் ஒரே பொருள் உள்ளேயும் வெளியேயும் போய்வருவதை இது பார்க்காது. அதனால் விடை கொஞ்சம் பெரிதாகவே வரும்.

சரி, திட்டம் வராமலே இருந்திருந்தால்? இதைக் கேட்காத அறிக்கையை நான் நம்புவதில்லை. திட்டம் வந்த வட்டாரத்தில் வேலைவாய்ப்பு 15 சதவீதம் கூடியது, அதைப் போன்ற இன்னொன்றில் 8 சதவீதம் கூடியது என்றால், திட்டத்தின் பங்கு 7 புள்ளிகள்தான். அதுவும், முன்பு இரண்டும் ஒரே போக்கில் வளர்ந்திருந்தால் மட்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலா உற்பத்தி சராசரியில் 75 சதவீதத்துக்குக் கீழே உள்ள வட்டாரங்களுக்கு உதவி அதிகம். அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழும் மேலும் உள்ளவற்றை ஆய்வாளர்கள் ஒப்பிடுவது இதற்காகத்தான்.

பின்சேர்க்கை: வேலை எண்ணிக்கையில் குழப்பம் வருகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். 200 பேர் 2 ஆண்டு வேலை செய்தால் அது 400 ஆள்-ஆண்டு, 400 வேலை அல்ல. கட்டுமானம் முடிந்தபின் நிலைக்கும் வேலைகளைத் தனி வரிசையில் எழுதுங்கள்.