பரணில் கிடைத்த பழைய ராணுவ ரைபிள்: அடையாளம் காண்பதும் பாதுகாப்பதும்

சென்னையில் பழைய வீட்டை இடித்து ஃபிளாட் கட்டக் கொடுக்கும்போது பரணிலிருந்து என்னென்னவோ இறங்கும். வெண்கலப் பானை, ஊஞ்சல் சங்கிலி, சில வீடுகளில் ஒரு துப்பாக்கியும். தாத்தா பட்டாளத்தில் இருந்திருப்பார், அல்லது ஜமீன் சொந்தத்தில் கைமாறி வந்திருக்கும். உடனே ஒருவர் "தேய்த்துப் பளபளவென்று ஹாலில் மாட்டலாம்" என்பார். இன்னொருவர் "எதுக்கு வம்பு, காயலான் கடையில் போடு" என்பார். இரண்டுமே தவறு.

துப்பாக்கியை மறுபடி சுட வைக்கும் வழி எதுவும் இங்கே இருக்காது. அது என்ன துப்பாக்கி என்று கண்டுபிடிப்பது, துரு மேலும் தின்னாமல் நிறுத்துவது, கட்டையை, அதாவது துப்பாக்கியின் மரப்பகுதியை, காப்பாற்றுவது, இவ்வளவுதான். ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு விதி: எவ்வளவு குறைவாகக் கை வைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

படி 1: உள்ளே ஏதாவது இருக்கிறதா?

நூறு வருஷப் பழசு என்றாலும் குண்டு ஏற்றியிருப்பதாகவே நினைத்துக் கையாளுங்கள். குழல் யாரையும் பார்க்கக் கூடாது, விரல் ட்ரிகர் பக்கமே போகக் கூடாது. போல்ட் (கைப்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுக்கும் இரும்புத் தண்டு) வைத்த ரைபிள் என்றால் மேகசினை, அதாவது தோட்டா அடைக்கும் பெட்டியை, கழற்றி, போல்டைப் பின்னால் இழுத்து, குழலின் அடியில் தோட்டா இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வகையில்தான் ஆபத்து அதிகம். கருமருந்து காய்ந்து கிடந்தால் நூறு வருஷம் கழித்தும் பற்றிக்கொள்ளும். ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் மெதுவாக விட்டு, வாய்ப்பகுதியில் பென்சிலால் குறியுங்கள். குச்சியை வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்து ஒப்பிடுங்கள். குச்சி குழலின் அடி வரை போகாமல் இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் உள்ளே பழைய மருந்தும் குண்டும் இருக்கலாம். அதைக் குடைந்து எடுக்க முயல வேண்டாம். அப்படியே கீழே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போன் செய்யுங்கள்.

படி 2: சட்டம்

இதைத் தாண்டிக் குதிக்க முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். பரம்பரைச் சொத்து என்பதால் விலக்கு வந்துவிடாது. லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துபோனால், அந்தத் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். சென்னை நகரத்துக்குள் இந்த விவகாரமெல்லாம் வேப்பேரியில் உள்ள கமிஷனர் அலுவலகத்தில்தான். ராணுவத் தோட்டா போடும் .303 ரைபிள் என்றால் இன்னும் சிக்கல், அது தடைசெய்யப்பட்ட ரகத்தில் வரும்.

சட்டத்தின் 45ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. வழக்கொழிந்த வகையாகவோ, பழம்பொருள் மதிப்புள்ளதாகவோ, பழுதடைந்ததாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத ஆயுதத்துக்குச் சட்டம் பொருந்தாது. "பழுது பார்த்தாலும்" என்பதைக் கவனியுங்கள். ஸ்பிரிங் மாற்றினால் வேலை செய்யும் என்ற நிலையில் இருப்பது இதில் சேராது. சேருமா சேராதா என்பதை நாம் வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யவும் கூடாது. துப்பாக்கியைப் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். போட்டோ எடுத்துக்கொண்டு முதலில் நீங்கள் மட்டும் போய்க் கேளுங்கள், தெரிந்த வக்கீல் கூட வந்தால் நல்லது.

இன்னும் இரண்டு பிரிவுகள் நேரடியாக நம் வேலையைத் தொடுகின்றன. லைசென்ஸ் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுது பார்க்கக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. அதில் உள்ள எண்ணையோ முத்திரையையோ அழிக்கக் கூடாது, மாற்றக் கூடாது என்கிறது 8ஆம் பிரிவு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்க ஆசைப்படுபவர்கள் இதை இன்னொரு முறை படிக்கவும்.

நூறு வருஷம் தாண்டியிருந்தால் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டமும் வந்து சேரும். அமெரிக்காவில் இருக்கும் பேரனுக்கு யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்ற யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 3: இது என்ன துப்பாக்கி?

எனக்குப் பிடித்த பகுதி இது. இடமிருந்து வலமாக எழுத்தைத் தேடுவதற்கு முன், துப்பாக்கி எப்படி மருந்து ஏற்றிக்கொள்கிறது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே வந்துவிடும்.

பக்கவாட்டில் ஒரு சுத்தியல், அதன் தாடையில் சிக்கிமுக்கிக் கல், பக்கத்தில் மருந்து வைக்கும் சிறு கிண்ணம் என்றிருந்தால் அது கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து மஸ்கெட் வகை. கல்லுக்குப் பதிலாகச் சுத்தியல் ஒரு சிறு முலை மேல் வந்து விழுந்தால், அது கேப் (தட்டினால் பொறி தரும் சிறு மூடி) வைத்து வெடிக்கும் அடுத்த தலைமுறை. 1853 மாடல் என்ஃபீல்ட் இந்த வகைதான். 1857 கிளர்ச்சியில் கொழுப்புத் தடவிய தோட்டா என்று பேசப்பட்டதே, அந்தத் தோட்டா இதற்காகச் செய்யப்பட்டது. அதே உருவத்தில் குழலின் பின்பக்கம் வலப்புறமாகத் திறக்கும் கீல் கதவு இருந்தால் ஸ்னைடர். சுத்தியலே வெளியில் தெரியாமல், ட்ரிகருக்குப் பின்னால் கீழ்நோக்கி இழுக்கும் நெம்புகோல் இருந்தால் 1871இல் வந்த மார்ட்டினி ஹென்றி.

இங்கே இந்தியாவுக்கே உரிய ஒரு குறிப்பு. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர்களுக்கு இந்தியச் சிப்பாய்கள் மேல் நம்பிக்கை போய்விட்டது. தங்கள் படைகளுக்குப் புதிய ஆயுதம், இந்தியப் படைகளுக்கு ஒரு தலைமுறை பழைய ஆயுதம் என்று வைத்தார்கள். ரைபிள் வரி இல்லாத வழவழப்பான குழல் போட்ட என்ஃபீல்டுகளை இந்தியப் படைகளுக்கென்றே கொடுத்தார்கள். ஆகவே பார்க்க 1853 மாடல் போலவே இருந்து, குழலுக்குள் திருகு வரிகள் இல்லையென்றால், தேய்ந்துபோய்விட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அப்படியே செய்யப்பட்டதாகவும் இருக்கலாம்.

சரி, போல்ட் வைத்த ரைபிளுக்கு வருவோம். நம் ஊரில் "த்ரீ நாட் த்ரீ" என்று சொல்வது லீ என்ஃபீல்டைத்தான். முனையைப் பாருங்கள். கட்டை குழலின் வாய் வரை ஓடி, மொட்டையான மூக்குபோல் முடிந்தால் அது எஸ்.எம்.எல்.ஈ. (ஷார்ட் மேகசின் லீ என்ஃபீல்ட்). 1926இல் பெயர் மாற்றி நம்பர் 1 ஆக்கினார்கள். பின் குறி, அதாவது குறிபார்க்க உதவும் பின்பக்கத் தகடு, குழலின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கும். கட்டைக்கு வெளியே குழல் கொஞ்சம் நீட்டிக்கொண்டும், பின் குறி கண்ணுக்கு அருகே போல்டுக்கு மேலும் இருந்தால், இரண்டாம் உலகப் போரில் பரவிய நம்பர் 4.

அப்புறம் எழுத்து. எஸ்.எம்.எல்.ஈ.யில் போல்ட் கைப்பிடிக்குக் கீழே, பின்கட்டை நுழையும் இரும்புப் பட்டையின் வலப்பக்கத்தில் ஒரு கிரீடம் இருக்கும். அதன் கீழே அரசர் பெயரின் எழுத்துகள், தொழிற்சாலை, ஆண்டு, மாடல் வரிசையாக வரும். எழுத்து மங்கியிருந்தால் சுரண்டாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், அல்லது சாக்பீஸ் தூளை மெதுவாகத் தடவுங்கள், பள்ளத்தில் வெள்ளையாக எழுத்து தெரியும்.

ஜி.ஆர். என்றால் இங்கிலாந்து அல்லது ஆஸ்திரேலியாவின் லித்கோ. ஜி.ஆர்.ஐ. என்று கடைசியில் ஒரு ஐ சேர்ந்திருந்தால் வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலை. சுதந்திரத்துக்குப் பிறகு கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்தது, ஆர்.எஃப்.ஐ. (ரைபிள் ஃபேக்டரி இஷாப்பூர்) என்ற எழுத்தும் வந்தது. மாடல் எண்ணான மூன்றுக்குப் (III) பக்கத்தில் நட்சத்திரம் இருந்தால், முதல் உலகப் போர் நடுவில் உற்பத்தியை வேகப்படுத்த எளிமையாக்கிய வடிவம். முன்கட்டையில் குறுக்கே ஒரு திருகு போயிருந்தால் அது கட்டை பிளக்காமல் இருக்க இஷாப்பூரில் போட்டது, பின்னாளில் யாரோ செய்த ஒட்டுவேலை கிடையாது.

மேகசின் சதுரமாகப் பெட்டி மாதிரி இருக்கிறதா? அப்படியென்றால் அது .303 இல்லை. 1962 சீனப் போருக்குப் பிறகு 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்காக இஷாப்பூரில் செய்த 2ஏ அல்லது 2ஏ1. மேகசினில் 12 தோட்டா பிடிக்கும். பின் குறியில் தூரத்தைக் காட்டும் எண் 2000 வரை போனால் 2ஏ, 800இல் நின்றால் 2ஏ1. இதைப் பழம்பொருள் என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் நடையைக் கட்டுங்கள். அது வேலை செய்யும் ராணுவ ஆயுதம்.

மேகசின் இருக்கும் இடத்தில் மரக்கட்டை அடைத்து, குழல் வழவழப்பாக இருந்தால் போலீஸுக்கும் சிறைக் காவலுக்கும் மாற்றிய .410 மஸ்கெட். முன்கட்டையில் செம்புக் கம்பி சுற்றியிருந்தால் கையெறி குண்டு வீச வலுப்படுத்தியது. டி.பி. என்று குத்தியிருந்தால் அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கியது, சுடுவதற்குத் தகுதியில்லை என்று ராணுவமே கழித்துவிட்டது.

போலிகளும் உண்டு. அலங்காரத்துக்காகச் செய்த "டவர் 1857" மஸ்கெட்டுகள் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். எழுத்து ஆழமில்லாமல் கோணலாக இருக்கும், திருகுகள் புதுசாக இருக்கும். வடமேற்கு எல்லைப்புறப் பட்டறைகளில் செய்த நகல்களில் ஆங்கில எழுத்து தலைகீழாகவே விழுந்திருக்கும். கோடம்பாக்கம் பக்கம் கைமாறி வந்தது என்றால் சினிமா டம்மியாகவும் இருக்கலாம்.

சந்தேகம் இருந்தால் நேரில் அசலைப் பார்ப்பதுதான் வழி. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்தில் தஞ்சாவூரிலிருந்தும் கோட்டை ஆயுதக் கிடங்கிலிருந்தும் வந்தவை இருக்கின்றன. செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தையும் எழும்பூர் பழைய கமிஷனர் அலுவலகத்தில் உள்ள காவல் அருங்காட்சியகத்தையும் சேர்த்து ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

படி 4: தொடுவதற்கு முன் பதிவு

இரண்டு பக்கமும் முழுதாகப் போட்டோ, ஒவ்வொரு முத்திரைக்கும் நெருக்கமாக ஒரு போட்டோ. போல்ட், பின்கட்டைப் பட்டை, மூக்கு, பின் குறி இவற்றில் உள்ள எண்களைத் தனித்தனியாக எழுதி வையுங்கள். எல்லாம் ஒரே எண் என்றால் தொழிற்சாலையில் சேர்ந்தது இன்னும் பிரியவில்லை என்று அர்த்தம்.

படி 5: கட்டை

முதலில் கழற்றும் ஆசையை அடக்குங்கள். எஸ்.எம்.எல்.ஈ.யில் பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீளமான திருகாணியின் சதுர முனை, முன்கட்டைக்குள் இருக்கும் ஒரு தகட்டில் மாட்டியிருக்கும். முன்கட்டையை எடுக்காமல் அந்தத் திருகாணியைத் திருகினால் முன்கட்டை உள்ளேயே பிளந்துவிடும். வெளியில் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் விடுங்கள்.

மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். துணியில் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டு, ஒட்டியிருக்கும் பிசுக்கை மட்டும் துடையுங்கள். கட்டையில் உள்ள வட்ட முத்திரை, படைப்பிரிவு எழுத்து, சிப்பாய் கீறிய எண் எல்லாம் துப்பாக்கியின் வரலாறு. உப்புத்தாள், வார்னிஷ், டச்வுட் எதுவும் வேண்டாம்.

காய்ந்து வெளுத்திருந்தால் ஆளிவிதை எண்ணெய். பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் ராணுவத்திலேயே இதைத்தான் பூசினார்கள். சில சொட்டு உள்ளங்கையில் விட்டு, சூடு ஏறும்வரை கட்டையில் தேயுங்கள். கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். சில நாள் காயவிட்டு மறுபடி. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்கினால் பிசுபிசுவென்று நின்றுவிடும். தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு வரும், குவித்த துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போட்ட பிறகே குப்பையில் போடுங்கள்.

படி 6: இரும்பும் பித்தளையும்

கறுப்பு, பழுப்பு நிறம் வயதின் அடையாளம், அதை விட்டுவிடுங்கள். நாம் தேடுவது விரலில் ஒட்டும் செந்துருவை மட்டும். மெல்லிய எண்ணெயைத் தடவி ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு நான்கு பூஜ்யம் போட்ட மிக மெல்லிய ஸ்டீல் வுல்லை எண்ணெயில் தோய்த்து, அழுத்தாமல் தேயுங்கள். கட்டியான துருவைப் பழைய செம்புக் காசின் விளிம்பால் சுரண்டலாம், செம்பு மென்மையானது என்பதால் இரும்பில் கீறல் விழாது. முத்திரைக்கு மேல் துணி மட்டும்.

யூடியூபில் பார்த்து வினிகர், கோக், டாய்லெட் கிளீனர் என்று ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். துரு போகும், கூடவே பழைய நிறமும் எழுத்தின் கூர்மையும் போகும். பின்கட்டையின் பித்தளைத் தகட்டுக்குக் குத்துவிளக்கு வைத்தியமும் வேண்டாம். புளி கட்டைக்கும் தகட்டுக்கும் இடையில் புகுந்து அங்கேயே தங்கிவிடும்.

குழலின் உட்புறம் துருப்பிடிக்க ஒரு காரணம் உண்டு. பழைய .303 தோட்டாவின் கேப்பில் இருந்த ரசாயனம் வெடித்த பிறகு உப்பாகப் படியும், அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். வெறும் எண்ணெயில் உப்பு கரையாது. கட்டை நனையாமல் புனல் வைத்துக் கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, நன்றாக உலர்த்தி, பிறகு எண்ணெய்த் துணி விட்டு எடுங்கள்.

படி 7: வைக்கும் இடம்

கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் வசிப்பவர்களுக்கு இதுதான் பாதி வேலை. தோல் உறையிலும் கித்தான் பையிலும் போட்டு வைக்காதீர்கள், இரண்டும் ஈரத்தைப் பிடித்து இரும்போடு ஒட்டவைக்கும். பிளாஸ்டிக்கில் சுற்றவும் வேண்டாம். வெளிச்சுவரில் மாட்டாமல் பூட்டிய அலமாரியில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள், ஜெல் நிறம் மாறினால் வறுத்து மறுபடி போடுங்கள். இரும்பின் மேல் மெல்லிய எண்ணெய் அல்லது மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு இருக்கட்டும். கையுறை இல்லாமல் தொட்டால் வியர்வை பட்ட இடத்தை அன்றே துடைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை வெளியே எடுத்துப் பாருங்கள்.

லைசென்ஸ் உள்ள துப்பாக்கி என்றால் தேர்தல் சமயத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். எத்தனை வாரம் அங்கே இருக்கும் என்று தெரியாது. அதனால் கொடுக்கும் அன்று எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே பூசுங்கள், ரசீதில் உள்ள எண்ணும் போல்டில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்து வாங்குங்கள்.